பிளாண்டி என்றால் யார்? டெபி ஹாரி பற்றி ஒரு வழக்கு

#1 ஊசிமுனை

போன வாரம் வேறொரு இழையில் ஒருவர், "நியூ வேவ் (எழுபதுகளின் பிற்பகுதியில் பங்க் ராக்கிலிருந்து கிளைத்த இசை) என்றாலே டெபி ஹாரிதான், மற்றவர்களெல்லாம் பக்கவாத்தியம்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார். அங்கேயே மல்லுக்கட்டினால் இழை திசைமாறிவிடும் என்பதால் தனியாகத் திறக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹாரி பாடகியாக இருக்கும் பிளாண்டி என்ற குழுவுக்கு நான் எதிரி இல்லை. 1976 முதல் 1982 வரை அவர்கள் வெளியிட்ட ஆறு இசைத்தட்டுகளும் என் அலமாரியில் இருக்கின்றன. ஆனால் அன்பு வேறு, கணக்கு வேறு.

ஹாரி 'ஸ்டிலெட்டோஸ்' என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தபோது அங்கே வந்து சேர்ந்த கிட்டார்காரர் கிறிஸ் ஸ்டைன். இருவரும் வெளியேறி 1974இல் நியூயார்க்கில் தொடங்கியதுதான் பிளாண்டி. காதலர்களும்கூட. யோசனைகள் பெரும்பாலும் ஸ்டைனுடையவை. முதுகெலும்பு கிளெம் பர்க்கின் டிரம்ஸ். ஜிம்மி டெஸ்ட்ரியின் ஆர்கன் ஒலி இல்லாவிட்டால் முதல் இரண்டு தட்டுகளுக்கும் நிறமே கிடையாது. இத்தனைக்கும் பிறகு சொந்த நாட்டில் அவர்களைச் சீந்துவாரில்லை. மைக் சாப்மன் என்ற ஆஸ்திரேலியத் தயாரிப்பாளர் 1978இல் வந்து உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் பிழிந்தெடுத்த பிறகுதான் 'பேரலல் லைன்ஸ்' வந்தது. அமெரிக்கா திரும்பிப் பார்த்தது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். அந்தத் தட்டில் 12 பாட்டுகள். எழுதியவர் பெயரில் ஹாரி இருப்பது ஐந்தில். மூன்று பாட்டுகள் வெளியாட்களுடையவை. 'சண்டே கேர்ள்' ஸ்டைன் தனியாக எழுதியது. குழுவோடு இருந்தபோது அமெரிக்காவில் நான்கு பாடல்கள் முதலிடம் பிடித்தன. ஹாரி தனியாகப் பாடப் போன பிறகு ஒன்றுகூட இல்லை.

ஆக, அழகான முகம், அலட்சியமான பார்வை, ஓரளவு நல்ல குரல். இதற்கு மேல் அவர் கணக்கில் எதை வரவு வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கருங்குயில்

ஊசிமுனை ஐயா, 12இல் ஐந்து என்று எண்ணிய அதே விரலை அடுத்த தட்டுக்கும் கொஞ்சம் நீட்டியிருக்கலாமே. 'ஈட் டு த பீட்', 1979. அதிலும் 12 பாட்டுகள்தான். எட்டில் ஹாரியின் பெயர் இருக்கிறது. அலமாரியில் வைத்திருப்பவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

சரி, எண்ணிக்கையை விடுங்கள். சொற்களைப் பாருங்கள். அவர்களுடைய முதல் ஒற்றைத் தட்டு 'எக்ஸ் அஃபெண்டர்'. மெட்டு பேஸ் கிட்டார் வாசித்த கேரி வாலண்டைனுடையது. அவர் மனதில் இருந்தது, வயது குறைந்த காதலியோடு பழகியதற்காகப் பிடிபட்ட ஓர் இளைஞனின் கதை. ஹாரி அதை அப்படியே கவிழ்த்தார். தன்னைக் கைது செய்த போலீஸ்காரன் மேலேயே ஆசைப்படும் விலைமகள் பாடுகிற பாட்டாக அது மாறியது. 1976இல் ஒரு பெண் இதை எழுதி, முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுகிறார்.

'ஒன் வே ஆர் அனதர்' கேட்டிருப்பீர்கள். பழைய காதலன் ஒருவன் விடாமல் தொல்லை கொடுத்துத் துரத்திய அனுபவத்திலிருந்து பிறந்த பாட்டு. பாதிக்கப்பட்டவளின் புலம்பலாக எழுதியிருக்கலாம். அவரோ துரத்துகிறவனின் நாற்காலியில் தானே போய் உட்கார்ந்துகொண்டு, அவன் குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு பாடுகிறார். கேட்பவருக்குச் சிரிப்பும் வருகிறது, முதுகுத்தண்டு சில்லிடவும் செய்கிறது.

ஐரோப்பாவில் அவர்களுக்கு வழி திறந்த 'டெனிஸ்' 1963இல் ஆண்கள் ஒரு பெண்ணை நினைத்துப் பாடிய பாட்டு. பெயரின் கடைசி எழுத்தை வெட்டி ஆணாக்கி, நடுவில் பிரெஞ்சிலும் ஒரு சரணம் சேர்த்தார்கள். 1978இல் பிரிட்டனில் இரண்டாமிடம். அப்போது மைக் சாப்மன் வாசற்படியே மிதிக்கவில்லை.

"ஓரளவு நல்ல குரல்" என்பதற்குத் தனியாக வருகிறேன். இப்போது அடுப்பில் பால் இருக்கிறது.

#3 தாளக்கட்டு

நான் டிரம்ஸ் வாசிப்பவன். அதனால் எந்தக் கட்சியிலும் சேராமல் என் கட்சியைப் பேசுகிறேன்.

'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' எப்படிப் பதிவானது என்று தெரிந்துகொண்டால் இந்த "யார் பெரியவர்" சண்டையே கொஞ்சம் கோணலாகத் தெரியும். அந்தப் பாட்டு ஸ்டைனும் ஹாரியும் சேர்ந்து எழுதியது. 1975 வாக்கிலேயே இருந்தது. வேறு பெயர், வேறு நடை. குழுவுக்குள் அதை 'டிஸ்கோ பாட்டு' என்று கிண்டலாகச் சொல்வார்களாம். சாப்மன் "வேறு ஏதாவது இருக்கிறதா" என்று கிளறியபோது வெளியே வந்தது.

1978 கோடையில் நியூயார்க்கின் ரெக்கார்ட் பிளாண்ட் ஒலிப்பதிவுக் கூடம். ரோலண்ட் சிஆர்-78 என்ற சின்னத் தாளப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். பாட்டின் தொடக்கத்தில் 'டிக் டிக்' என்று உலர்ந்து கேட்கிறதே, அதுதான். ஒலிநாடாவில் அந்தப் பெட்டியோடு மனிதன் இம்மி பிசகாமல் ஒட்டி வாசிக்க வேண்டும். அதற்காக கிளெம் பர்க்கை மொத்தமாக வாசிக்கவிடாமல், டிரம்ஸைத் துண்டு துண்டாகப் பிரித்து வாசிக்கவைத்தார்கள். டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தால் புயலாக மாறுகிற மனிதர் அவர். அவருக்குக் கைவிலங்கு போட்டது போலத்தான் இருந்திருக்கும்.

அதோடு விடவில்லை. நடுவில் பாட்டு நின்று இசை மட்டும் போகும் இடத்தைக் கூர்ந்து கேளுங்கள். நாலு நாலாகப் போய்க்கொண்டிருந்த தாளத்தில் ஓர் அடி விழுங்கப்பட்டு ஏழு வரும். நம் கணக்கில் மிஸ்ரம். டிஸ்கோ ஆடுகிற கால் அந்த இடத்தில் ஒரு கணம் தடுமாறும், பிறகு சமாளித்துக்கொள்ளும்.

இந்த இயந்திரத்துக்கு மேல்தான் ஹாரியின் குரல் வருகிறது. அழுத்தமே கொடுக்காமல், தலைக்குரலில், புகை மாதிரி. உருக்கமாகப் பாடியிருந்தால் அந்தப் பாட்டு செத்திருக்கும். எனவே ஊசிமுனை அண்ணன் சொல்வது போல டிரம்ஸ் முதுகெலும்பு என்றால் ஏற்கிறேன். முதுகெலும்பு தனியாக நடந்து போனதை மட்டும் நான் பார்த்ததில்லை.

#4 ஹட்சன்கரை

நான் இருப்பது நியூஜெர்சியில். ஹாரி வளர்ந்த ஹாதோர்ன் என் வீட்டிலிருந்து காரில் போகிற தூரம்தான். அமைதியான சின்ன ஊர். அங்கிருந்து நியூயார்க் வானம் இரவில் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள் இங்கே ஏராளம்.

அவர் பிறந்தது 1945 ஜூலை 1, மயாமியில். பிறந்தபோது பெயர் ஏஞ்சலா டிரிம்பிள். மூன்று மாதக் குழந்தையாக ஹாரி தம்பதியர் தத்தெடுத்தார்கள். பரிசுப்பொருள் கடை நடத்தியவர்கள். தத்துப்பிள்ளை என்பது நாலு வயதிலேயே அவருக்குத் தெரியும். பின்னாளில் பெற்ற தாயைக் கண்டுபிடித்தபோது அந்த அம்மாள் உறவு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஊசிமுனை அண்ணா "முகம்" என்கிறீர்கள். முகத்தை வைத்து மேலே வந்த பெண்ணுக்கு முதல் தட்டு வெளிவரும்போது 31 வயதா ஆகியிருக்கும்? 1968இலேயே ஒரு நாட்டுப்புற ராக் குழுவில் பின்குரல் பாடித் தட்டு போட்டார்கள், போன சுவடு தெரியவில்லை. பிபிசி வானொலியின் நியூயார்க் அலுவலகத்தில் செயலாளர் வேலை. மேக்ஸஸ் கேன்சஸ் சிட்டி விடுதியில் பரிமாறும் வேலை. பிளேபாய் கிளப்பில் முயல் காது மாட்டிக்கொண்டு வேலை. யூனியன் சிட்டி மதுக்கூடத்தில் ஆட்டக்காரி. இப்படி ஏறக்குறைய பத்து ஆண்டுகள் போன பிறகுதான் பவரி தெருவில், மூத்திர நாற்றம் அடிக்கும் சிபிஜிபி மதுக்கூடத்து மேடை கிடைத்தது. கிளெம் பர்க் அவரைவிட ஒன்பது வயது இளையவர். மற்ற பையன்களும் இளைஞர்கள்தான். அந்தக் குழுவில் உலகம் பார்த்திருந்த ஆள் யார் என்று கேட்டால் என் விடை ஹாரி.

'பிளாண்டி' என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? தலைமுடிக்கு வெளிர் சாயம் பூசிக்கொண்டு தெருவில் நடந்தபோது லாரி ஓட்டுநர்கள் "ஏய் பிளாண்டி" (வெளிர்முடிக்காரி) என்று கத்திய கத்தல். அதைப் பொறுக்கியெடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டார். பழைய படங்களைப் பாருங்கள்: முன்பக்கம் வெளிர், பின்பக்கம் கறுப்பு. சாயம் என்பதை மறைக்கிற எண்ணமே கிடையாது. அவர் போட்டுப் புகழ்பெற்ற வரிக்குதிரை உடை குப்பையில் கிடைத்த தலையணை உறையில் தைத்தது.

#5 ஊசிமுனை

கருங்குயில் அவர்கள் அடுத்த தட்டை எண்ணிக் காட்டியது சரி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனிப்பாடகியாக ஏன் தோற்றார் என்ற கேள்வியை எல்லாரும் நாசூக்காகத் தாண்டிப் போகிறீர்கள்.

இதற்கு வழக்கமாக ஒரு பதில் வரும், நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். 1982இல் கிறிஸ் ஸ்டைன் நோயில் விழுந்தார். பெம்பிகஸ் என்று பெயர். உடம்பே தன் தோலைத் தாக்கிக் கொப்புளம் கொப்புளமாக்கும் கொடிய நோய். சுற்றுப்பயணம் நின்றது, குழு உடைந்தது. வரிப் பாக்கியில் வீடும் போனது. ஹாரி எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து அவரைக் கவனித்துக்கொண்டார். அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 'கூகூ' தனித்தட்டு வந்தது 1981இல். அப்போது நோய் இல்லை, குழு உடையவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு பிளாண்டியின் 'கால் மி' அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்து, அந்த ஆண்டின் முதல் பாடல் என்று பில்போர்டு பட்டியலில் ஏறியிருந்தது. தயாரிப்பாளர்களோ ஷிக் என்ற டிஸ்கோ குழுவின் நைல் ராஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும். அந்த நேரத்தில் அவர்களைவிடப் பெரிய கை உண்டா? இத்தனை இருந்தும் அமெரிக்காவில் 25ஆம் இடத்தோடு நின்றுவிட்டது.

குழு இல்லாமல் அவர் இல்லை. இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

#6 கருங்குயில்

பால் பொங்கவில்லை. வந்துவிட்டேன்.

'கூகூ'வின் உறை உங்களிடம் இருக்கிறதா? எடுத்து முன்னால் வையுங்கள். வெளிர் முடி இல்லை, பழுப்பு முடி. ஏலியன் படத்துக்கு அந்தப் பயங்கரப் பிராணியை வரைந்த எச். ஆர். கீகர் கைவண்ணம். முகத்தின் குறுக்கே நான்கு பெரிய ஊசிகள், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வருகின்றன. லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் அந்தச் சுவரொட்டியை ஒட்ட விடவில்லை.

இதை யோசித்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் முகம்தான் அவள் மூலதனம் என்று ஊரே சொல்கிறது. புகழின் உச்சியில் நிற்கிறாள். அடுத்த தட்டில் அந்த மூலதனத்தை எடுத்து நாலு ஊசி குத்திக் கடைவாசலில் வைக்கிறாள். முகத்தை மட்டும் நம்பிப் பிழைத்தவள் செய்கிற காரியமா இது?

#7 ஊசிமுனை

அதே உறை எனக்கும் சாட்சிதான். முகத்தை மறைத்தார், விற்பனை விழுந்தது. அப்படியானால் விற்றது எது?

#8 கருங்குயில்

வாங்கியவர்கள் எதை வாங்கினார்கள் என்பது வாங்கியவர்களின் வழக்கு. அவர் என்ன செய்தார் என்பதுதான் இந்த இழையின் வழக்கு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்.

#9 எதிர்ப்பாட்டு

நான் ஹிப்ஹாப் கேட்பவன். எல்லாரும் மரியாதையாகத் தள்ளிவைத்திருக்கும் பொருளை நடுவில் போடுகிறேன்: பிளாண்டியின் 'ராப்ச்சர்' பாட்டு.

1979இல் சுகர்ஹில் கேங் 'ராப்பர்ஸ் டிலைட்' போட்டார்கள். கறுப்பின இளைஞர்கள் தெருவில் உருவாக்கிய கலை முதன்முறையாக அமெரிக்கப் பட்டியலின் முதல் நாற்பதுக்குள் நுழைந்தது. எட்டிய இடம் 36. இரண்டு ஆண்டு கழித்து ஒரு வெள்ளைக்காரப் பெண், செவ்வாய்க் கிரகத்து ஆள் வந்து கார்களைத் தின்கிறான், மதுக்கூடங்களைத் தின்கிறான் என்று குழந்தைப் பாட்டு மாதிரி எதையோ ஒப்பித்தார். 1981இல் முதலிடம். ராப் இடம்பெற்ற பாடல்களில் அமெரிக்காவில் முதன்முதலாக முதலிடம் பிடித்தது அதுதான் என்று இன்றுவரை பெருமையாக எழுதுகிறார்கள். பெருமை யாருக்கு?

ராப் என்ற அளவில் அதன் தாளப் பிடிப்பும் சுமார்தான். ஹிப்ஹாப் பிறந்த நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் அப்போது ஒலிவாங்கி பிடித்திருந்த எந்தச் சிறுவனும் அதைவிட நன்றாகச் செய்திருப்பான்.

#10 ஹட்சன்கரை

தாளப் பிடிப்பு சுமார் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அந்தப் பகுதியை நான் ரசித்துக் கேட்பதுண்டு, வியந்து கேட்டதில்லை. 36க்கும் ஒன்றுக்கும் நடுவில் இருப்பது நிறம்தான், அதையும் மறுக்க முடியாது.

ஆனால் பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஃபேப் ஃபைவ் ஃபிரெடி, கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்று ஹிப்ஹாப் கலைஞர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஹாரியையும் ஸ்டைனையும் பிராங்க்ஸ் நிகழ்ச்சிக்கு அழைத்துப் போய்க் காட்டியவரே அந்த ஃபிரெடிதான். யாரிடம் கற்றோம் என்பதைப் பாட்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். காணொளி எடுத்த நாளில் ஃபிளாஷ் வந்து சேரவில்லை, இசைத்தட்டுச் சுழற்றுகிறவராக நிற்பது அப்போது யாருக்கும் தெரியாத ஜான்-மிஷெல் பாஸ்கியா. ஓவியராக அவர் எந்த உயரம் போனார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். 1981 பிப்ரவரி 14. 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க ஹாரியை அழைத்தார்கள். பிராங்க்ஸிலிருந்து ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன் என்ற குழுவை அவர் தன்னோடு கூட்டிக்கொண்டு போய் மேடையேற்றினார். ஒரு ஹிப்ஹாப் குழு அமெரிக்காவின் தேசியத் தொலைக்காட்சியில் முதன்முதலாகத் தோன்றியது அன்றுதான். அந்தக் குழுவில் 'பிளஸ் ஒன்' ஒரு பெண்.

#11 எதிர்ப்பாட்டு

அந்த நிகழ்ச்சியை நான் மறந்திருந்தேன். சரி, அதை அவர் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷும் அதே ஆண்டு தன் புகழ்பெற்ற தட்டு வெட்டு ஒட்டில் 'ராப்ச்சர்' துண்டைப் போட்டுச் சுழற்றியிருக்கிறார் என்பதை, நீங்கள் கேட்பதற்கு முன்பு நானே சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்லப்பட்டவருக்கே கோபம் இல்லை என்று அதற்கு அர்த்தம் சொல்வீர்கள்.

இருந்தும் அந்த 36 என் தொண்டையில்தான் நிற்கிறது. அது ஹாரியின் குற்றம் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும்.

#12 ஊசிமுனை

நல்லது. பெயர் சொல்லிக் கௌரவித்தார் என்கிறீர்கள். சொந்தக் குழுவில் என்ன செய்தார்?

எழுபதுகளில் "பிளாண்டி என்பது ஒரு குழு" என்று சட்டையில் குத்தும் பொத்தானே அடித்துக் கொடுத்தார்கள். ஹாரிதான் பிளாண்டி என்று எல்லாரும் நினைத்ததால் பையன்களுக்கு எரிச்சல், அதற்கு மருந்து அந்தப் பொத்தான். 1997இல் குழு மீண்டும் கூடியபோது பேஸ் வாசித்த நைஜல் ஹாரிசனையும் கிட்டார் வாசித்த ஃபிராங்க் இன்ஃபான்டேவையும் சேர்க்கவில்லை. அவர்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். 2006இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். இன்ஃபான்டே மேடையிலேயே, அத்தனை பேர் பார்க்க, எங்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு பாட்டு வாசிக்கக் கூடாதா என்று கேட்டார். ஹாரி மறுத்தார். என் குழு ஏற்கெனவே மேடையில் நிற்கிறது என்றார்.

'ஒன் வே ஆர் அனதர்' ஹாரியும் ஹாரிசனும் சேர்ந்து எழுதியது. கருங்குயில் அவர்கள் மேலே அதைப் புகழ்ந்தபோது ஹாரிசன் பெயரைச் சொல்லவில்லை. பாருங்கள், இப்படித்தான் நடக்கிறது.

#13 தாளக்கட்டு

அந்த மேடைக் காட்சியைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு என்னவோ செய்யும். கேட்டவருக்காகவும் மறுத்தவருக்காகவும். வழக்குப் போட்டவரோடு ஒன்பது ஆண்டு கழித்துத் தோளில் கைபோட்டு வாசிப்பது எளிதில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. நான் இருந்த குழுக்களில் இதைவிடச் சின்ன விஷயங்களுக்குப் பத்தாண்டுகள் பேசாமல் இருந்திருக்கிறோம். ஒருமுறை சண்டைக்குக் காரணம் ஒரு மின்விசிறி.

கிளெம் பர்க் கடைசி வரை ஹாரியோடு இருந்தார். நடுவில் குழு இல்லாத ஆண்டுகளில் யூரித்மிக்ஸுக்கு வாசித்தார், 1987இல் ரமோன்ஸ் குழுவில் இரண்டே இரண்டு கச்சேரிக்கு 'எல்விஸ் ரமோன்' என்ற பெயரில் உட்கார்ந்தார். மீண்டும் கூடியபோது திரும்பி வந்தார். 2025 ஏப்ரலில் காலமானார். செய்தி வந்த அன்று இரவு 'ட்ரீமிங்' பாட்டைப் போட்டுக்கொண்டு கூடவே வாசித்துப் பார்த்தேன். அந்தப் பாட்டில் அவர் ஓர் இடத்தில்கூடச் சும்மா இருக்கமாட்டார், பாட்டு முழுக்க உருட்டிக்கொண்டே இருப்பார். இரண்டாவது நிமிடத்தில் என் மணிக்கட்டு கைவிட்டுவிட்டது.

#14 மட்டுறுத்துநர்

ஊசிமுனை, கருங்குயில் இருவருக்கும் தனிமடலில் வந்த புகார்களின் எண்ணிக்கை சமமாக இருப்பதால் இருவரையும் எச்சரிக்கவில்லை. ஒரு பயனர் எழுதிய, பாடகியின் தற்போதைய தோற்றம் பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கிவிட்டேன். இழை தொடரலாம்.

#15 கருங்குயில்

ஹாரிசன் பெயரை விட்டது என் பிழை. அடி வாங்கிக்கொள்கிறேன்.

நீக்கப்பட்ட அந்த இரண்டு பதிவுகளை நான் படித்துவிட்டேன். எண்பதை எட்டிய ஒரு பாடகியைப் பற்றிப் பேசும்போதும் முகத்தில்தான் போய் முட்டுகிறார்கள். எனவே சொந்தக் கதை ஒன்று.

பதினோரு ஆண்டுகள் மெல்லிசைக் குழுக்களில் பாடினேன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, எல்லாம். சுவரொட்டியில் என் படம் பெரிதாக இருக்கும், கீபோர்டு வாசிப்பவர் தபால்தலை அளவில் இருப்பார். சம்பளப் பட்டியலில் அது நேர்மாறு. சில நிகழ்ச்சிகளுக்கு இணைப்பு வசனமும் பாட்டு வரிசையும் நான்தான் எழுதினேன். முடிந்து இறங்கும்போது யாராவது வந்து, "நல்லா இருந்தது, யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்பார்கள். என்னிடம் இல்லை, பக்கத்தில் நிற்கிறவரிடம். ஒரு குழுவின் பொறுப்பாளர் என்னிடம் கேட்காமலே என் படத்தை, தோள்பக்கம் திருத்தி, வேறொரு ஊருக்குச் சுவரொட்டி அடித்தார். அந்த ஊருக்கு நான் போகவே இல்லை.

இனி ஹாரிக்கு நடந்ததைக் கேளுங்கள். முதல் தட்டுக்கு நிறுவனம் அடித்த சுவரொட்டியில் குழுவையே காணோம். மெல்லிய மேலாடையில் அவர் மட்டும். அடுத்த நிறுவனம் போட்ட விளம்பரம் 'ரிப் ஹெர் டு ஷ்ரெட்ஸ்' என்ற பாட்டின் தலைப்பை எடுத்து, இவளைக் கிழித்துப்போட ஆசையாக இல்லையா என்று படிப்பவனிடம் கேட்டது, பக்கத்தில் அவர் படம். பாட்டின் பொருள் வேறு, அதை எழுதியதில் அவர் பங்கு வேறு. அவருக்குக் கடும் கோபம். ஐயா சொன்ன பொத்தான், பையன்களின் எரிச்சலுக்கு மட்டும் மருந்தில்லை. "நான் உங்கள் நாட்காட்டிப் படம் இல்லை, இங்கே ஆறு பேர் வேலை செய்கிறோம்" என்பதில் அவருக்கும் தேவை இருந்தது.

குரலுக்கு வருகிறேன் என்று சொன்னேன். பாடியவளாகச் சொல்கிறேன். 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' தலைக்குரல், தாளக்கட்டு சொன்னார். 'கால் மி' முழு நெஞ்சுக்குரல், ஜார்ஜியோ மொரோடர் அனுப்பிய மெட்டுக்குச் சொல் எழுதியவரும் அவரே. 'ஒன் வே'யில் தொண்டையைச் சொரசொரப்பாக்கி உறுமல். 'த டைட் இஸ் ஹை' ஜமைக்காவின் பாரகன்ஸ் குழு 1967இல் பாடியது. அதை எந்த அலங்காரமும் இல்லாமல், கடலோரம் நடந்துகொண்டே முணுமுணுப்பது போல விடுகிறார். ஒரே ஆள் என்று தெரியாதவர்களுக்கு நாலு பாடகிகள் என்றே தோன்றும். இது "ஓரளவு" குரலா? எடை குறைந்த குரல் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். எந்தப் பாட்டுக்கு எவ்வளவு எடை வைப்பது என்று தெரிந்த குரல்.

நமக்கு இந்தக் குழப்பம் வருவதற்கு நம் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம் பாட்டில் முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது, சொல் மூன்றாம் ஆளுடையது. திரையில் அழகாக ஒருத்தி வாயசைத்தால், குரலும் சொல்லும் வேறெங்கோ இருந்து வருகின்றன என்று மனம் தானாகவே பிரித்துக்கொள்கிறது. மூன்றும் ஒரே உடம்பில் இருக்கும்போதும் பிரித்துத்தான் பார்க்கிறோம். "யார் எழுதிக் கொடுத்தது?"

இன்னொன்று. மீண்டும் கூடிய பிளாண்டியின் 'மரியா' 1999இல் பிரிட்டனில் முதலிடம் வந்தபோது அவருக்கு 53 வயது. அங்கே முதன்முறை முதலிடம் வந்து இருபது ஆண்டு ஆகியிருந்தது. எழுதியவர் டெஸ்ட்ரி, நானே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்து மூன்றில் முகம் விற்றது என்று யாராவது சொல்வீர்களா?

#16 ஹட்சன்கரை

அக்கா, அந்தச் சுவரொட்டிக்காரரை என்ன செய்தீர்கள்?

#17 கருங்குயில்

அடுத்த கச்சேரிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போகவில்லை, தம்பி. அவ்வளவுதான் முடிந்தது.

#18 ஊசிமுனை

இரண்டு நாளாகப் பதில் எழுதவில்லை. காரணம் சொல்கிறேன்.

12இல் ஐந்து என்று முதல் பதிவில் எழுதினேன் அல்லவா? அந்த ஐந்தைத் திரும்பவும் உறையில் பார்த்தேன். நான்கில் ஹாரியின் பெயரோடு இன்னொருவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. ஐந்தாவதில் அவர் மட்டும். 'ஜஸ்ட் கோ அவே'. தட்டின் இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு. அது எப்படிப் போகும் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. அந்தத் தட்டு எத்தனையோ ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது.

பிறகுதான் புரிந்தது. இரண்டாம் பக்கத்தில் நான்காவது 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்'. அது முடிந்தவுடன் எழுந்துபோய் ஊசியைத் தூக்கிவிடுவது என் வழக்கம். தட்டை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தால் தெரிகிறது: நான்காவது பாட்டு வரைக்கும் தேய்ந்து மங்கியிருக்கிறது, அதற்கு உள்ளே கடைசி இரண்டு பாட்டுக்கான வளையம் இன்னும் புதுசு போலக் கறுப்பாக மின்னுகிறது.

நேற்று ராத்திரி தூக்காமல் விட்டேன். ஒருவனை வாசலுக்கு வெளியே அனுப்புகிற பாட்டு. பையன்கள் பின்னால் கூச்சல் போடுகிறார்கள், அவர் அசராமல் சொல்லிக்கொண்டே போகிறார். மூன்று முறை கேட்டேன்.

தனித்தட்டு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. இன்ஃபான்டே விஷயத்திலும் மாறவில்லை. ஹாரியின் 'ராக்பேர்ட்' தனித்தட்டு, 1986 பிரதி, நல்ல நிலையில் யாரிடமாவது இருந்தால் தனிமடல் அனுப்புங்கள், விலை பேசிக்கொள்ளலாம்.